நீர்க் கமராவும் நல்ல தண்ணீரும்

ஆடி, ஆவணி மாதங்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி தவறாது கிடைக்கும். கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விடுமுறைக்கு வந்த நம்மவர், நயினாதீவு அம்மனைத் தரிசிக்கவும் நெடுந்தீவுக் குதிரைகளைக் காணவும் படகுக்குக் காத்து நிற்பர். பிள்ளைகளின் பைகளிலே நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் துருத்திக்கொண்டிருக்கும். கையிலே, நீருக்குள்ளும் படம் பிடிக்கும் சிறு கமரா. சென்ற ஆண்டு இவ்வாறு வரவிருந்த உறவினர் ஒருவர், எந்தக் கமராவை நம்பி வாங்கலாம் என்று நமக்கு எழுதிக் கேட்டிருந்தார். இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவன்று அது. ஆனால் ஒரு கமராவை ஏற்கெனவே கடலுக்குப் பலி கொடுத்தவர் நாம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாம் அதை வாங்கியது விடுமுறைக் களிப்புக்காக அன்று. தீவுப் பாடசாலையொன்றில் நெய்தல் திணை கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "கடலுக்கு அடியிலை என்ன இருக்குது சேர்?" என்று கேட்டாள். அவளுடைய தந்தை கடலட்டை குளிக்கும் சுழியோடி. நாள்தோறும் கடலின் அடியைத் தொட்டுத் திரும்புபவர். மகளோ கரையிலிருந்து அலையைக் கண்டதோடு சரி. பெண்பிள்ளைகள் சுழியோடுவது இங்கே வழக்கமில்லை. தந்தை சொல்வதை அவள் கேட்டிருக்கிறாள், கண்டதில்லை. கடலின் நடுவே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கடலடி அந்நிய தேசமாக இருப்பது நமக்கு வெட்கத்தைத் தந்தது. ஆசிரியர் சிலர் சேர்ந்து பணம் போட்டு ஒரு கமரா வாங்கினோம்.

இரண்டாம் முறை நீரில் இறங்கியபோதே அது செத்தது. மின்கலம் வைக்கும் கதவின் விளிம்பில் மெல்லிய இறப்பர் வளையம் ஒன்றுண்டு. கதவை மூடும்போது அது நசுங்கி, நீர் புகாதபடி இடைவெளியை அடைக்கிறது. அதன்மேல் ஒரு தலைமயிரோ ஒரு மணலோ கிடந்தால் போதும், கடல் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். காற்று வீசும் கரையிலே நின்று, மணல் ஒட்டிய விரல்களால் நாம் கதவைத் திறந்து மூடியிருந்தோம். வாங்கிய கடையிலே உத்தரவாதச் சீட்டைக் காட்டியபோது, அதன் அடியில் எறும்பு வரிசைபோல் அச்சிட்டிருந்த ஒரு வரியைக் காட்டினார்கள்: நீர் புகுந்தால் உத்தரவாதம் இல்லை. நீருக்கென்றே விற்கப்பட்ட கருவிக்கு நீரே விதிவிலக்கு! (அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறோம், உயர்வு நவிற்சிக்கு உதாரணமாக உதவும்.)

நீருக்கடியில் படம் பிடிக்கும் வேட்கை புதியதன்று. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பூத்தான் 1893ஆம் ஆண்டிலேயே அதைத் தொடங்கிவிட்டார். 1956இல் இலங்கைக்கு வந்த ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் தெற்குக் கடலையும் திருகோணமலைக் கடலையும் படம் பிடித்து உலகுக்குக் காட்டினர். கோணேசர் கோயிலின் மூழ்கிய தூண்கள் அவ்வாறுதான் கண்ணுக்குப் பட்டன. 1963இல் நிக்கோன் நிறுவனம் வெளியிட்ட நிக்கோனொஸ், தனிப்பெட்டி எதுவுமின்றித் தானே நீர்காக்கும் கமராவாகி ஒரு தலைமுறையின் கருவியாயிற்று. இவை யாவும் வியக்கத்தக்கன. ஆயினும் ஒன்றை நினையாதிருக்க முடியவில்லை. மன்னார் முத்துக்குளிப்பைப் பற்றி அக்கால அரசுக்காக ஹேர்ட்மன் 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகள் வெளியிட்டார். சிப்பிக்கு உள்ளே வாழும் புழுவுக்கும் அங்கே படமுண்டு. மூச்சை அடக்கி அச்சிப்பியை அள்ளி வந்தவனின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

உறவினருக்கு நாம் எழுதிய மறுமொழிக்கு வருவோம். ஆழத்தைக் காட்டி விலை கூட்டும் விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம் என்பதே முதற் சொல். மூச்சுக்குழாயுடன் மிதப்பவர் நம் தீவுக் கரைகளில் இறங்குவது பெரும்பாலும் இரண்டு, மூன்று மீற்றர்தான். தனிப்பெட்டியின்றிக் கோப்ரோ வகை பத்து மீற்றர் தாங்கும். ஒலிம்பஸ் வழிவந்த டி.ஜி. 7 பதினைந்து மீற்றர் தாங்கும். நாற்பது, அறுபது மீற்றருக்கான கனத்த பெட்டி எதற்கு? கைத்தொலைபேசியை நம்பி இறங்குவோரும் உளர். அதன் நீர்காப்பு, அசையாத நன்னீரில் சோதித்துக் கண்டது; உப்புநீர் அதற்குப் பகை.

பாக்கு நீரிணையின் நீர், படங்களிற் காணும் மாலைதீவு நீரன்று, கலங்கல் உடையது. கமராவுக்கும் பொருளுக்கும் இடையே எவ்வளவு குறைவாக நீர் நிற்கிறதோ அவ்வளவு தெளிவாகப் படம் விழும். ஆதலால் மிக அருகிலிருந்து கூர்மையாகப் பிடிக்கவல்ல வில்லையே இங்கே தேவை. டி.ஜி. வகை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு நெருங்கும். கோப்ரோ வகைக்கு அந்த வல்லமை இல்லை, அகன்ற காட்சிக்கே அது பொருந்தும். கமராவிலுள்ள மின்னொளியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் நீரில் மிதக்கும் தூசு முழுவதும் பனிமழைபோல் வெளுத்துத் தெரியும். நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. எனவே நீருக்குரிய நிறச் சீரமைப்பு கமராவில் உண்டா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து அடி கலங்கிக் கிடக்கும். கடல் ஓய்ந்து தெளிவது பங்குனி, சித்திரையில். வெளிநாட்டு விடுமுறையோ ஆடி, ஆவணியில். எந்தக் கமராவும் இதைத் தீர்த்துவைக்காது.

இனி, எந்தக் கையேடும் கேளாத ஒரு கேள்வி. கடலிலிருந்து எடுத்தவுடன் கருவியை நன்னீரில் ஊறவிட வேண்டும். பொத்தான்களின் இடுக்கில் உப்பு உறைந்தால் வளையமும் கெடும், பொத்தானும் இறுகும். இதைக் கையேடுகள் எல்லாம் சொல்கின்றன. அந்த நன்னீர் எங்கிருந்து வரும் என்று சொல்வதில்லை. நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். சாராப்பிட்டி போன்ற சில இடங்களிலேதான் நல்ல தண்ணீர் ஊறும். சுழியோடியின் வீட்டு முற்றத்தில் நாம் ஒரு பெரிய சட்டி தண்ணீர் கேட்டபோது, அவருடைய மனைவி மறுக்கவில்லை. குடத்தைச் சரித்தபடி, "இது உலைக்கு வைச்ச தண்ணி, மாஸ்ரர்," என்று மட்டும் சொன்னார். அன்று நாம் கமராவைக் கழுவவில்லை.

அதன்பின் நம் அளவுகோலே மாறிற்று. எத்தனை மீற்றர் ஆழம் போகும் என்பதை விட்டு, எத்தனை செம்பு தண்ணீர் குடிக்கும் என்று கேட்கத் தொடங்கினோம். பெரும்பெட்டிக்கு ஒரு தொட்டி வேண்டும். சிறிய உடலும் குறைந்த கதவுகளும் உள்ள கமராவுக்கு மூடியுள்ள ஒரு போத்தல் போதும். அந்த ஒரு போத்தலை நாமே யாழ்ப்பாணத்திலிருந்து சுமந்து செல்கிறோம்; ஊறிய நீரைத் தென்னைக்கு ஊற்றுகிறோம். இரண்டாவதாக வாங்கியது இத்தகைய சிறு கமராவே. அதன் கதவை வீட்டுக்குள்ளே, துடைத்த கையோடு மட்டும் திறக்கிறோம். இறப்பர் வளையத்தை ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறோம்.

இந்தக் கமராவைச் சுழியோடி அண்ணையிடமே கொடுத்தோம். நாம் எதிர்பார்த்தது மீனும் முருகைக்கல்லும். அவர் கொண்டுவந்த படங்களுள் இரண்டு வேறு வகையின. சாதாளை அடர்ந்திருந்த தரை, ஏர் உழுததுபோல் நீளக் கிழிந்து, வேர்கள் பெயர்ந்து கிடந்தது. இழுவைமடி போன தடம் என்றார். அடிமடித் தொழிலை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இங்கே தடைசெய்துவிட்டது. ஆயினும் நீரிணைக்கு அப்பாலிருந்து றோலர்கள் வருவது நிற்கவில்லை. அவற்றிலே கூலிக்கும் பங்குக்கும் உயிரைப் பணயம் வைத்து வருபவனும் நம் மொழி பேசும் ஏழைதான். இலாபம் காணும் முதலாளி கரையில் இருக்கிறான். ஆனால் பெயர்ந்த புல் யாருக்காகவும் உடனே முளைப்பதில்லை.

"உதிலை நான் பாக்கிறதிலை அரைவாசியும் இல்லை, மாஸ்ரர்," என்றார் அண்ணை. "ஆனா கந்தோரிலை நான் சொன்னா எழுதமாட்டினம். உதைக் காட்டினா எழுதுவினம்." முன்பு ஒருமுறை முறைப்பாடு கொண்டுபோன இடத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்களாம். இருபது ஆண்டு கடலடியைக் கண்ட கண் ஆதாரமாகவில்லை. சட்டைப்பையில் அடங்கும் வில்லை ஆதாரமாகும். இதை ஏற்க நமக்கு மனமில்லை. ஆயினும் கமராவின் நாளையும் நேரத்தையும் சரிபார்த்து வைத்தோம். அளவு தெரிவதற்காகப் பாடசாலை அடிமட்டம் ஒன்றை நூலிற் கட்டிக் கொடுத்தோம். இப்போது அவர் எடுக்கும் படங்களிலெல்லாம் அந்தப் பதினைந்து சென்ரிமீற்றர் அடிமட்டம் புல்லின்மேல் கிடக்கிறது.

கேள்வி கேட்ட மாணவிக்குப் படங்களை வகுப்பிலே திரையில் காட்டினோம். வெகுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், கலங்கிய ஒரு படத்தின் மூலையில் மங்கலாகத் தெரிந்த கையைக் காட்டி, "அது அப்பான்ரை கை," என்றாள்.