கல் தோற்ற இடம்

ஆயர் ஈத்தாம் சாலையோரக் கடைகளில் பீங்கான் சாடிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பீங்கான் கடினமானது, அதில் எளிதில் கீறல் விழாது. ஆனாலும் கைதவறினால் உடைந்துவிடும். கடினம் வேறு, உறுதி வேறு. செயற்கை இருதய வால்வை உருவாக்க முயன்றவர்கள் இவ்வேறுபாட்டை உணரப் பல ஆண்டுகள் பாடுபட்டனர்.

இருதயத்தின் நான்கு வால்வுகளும் இரத்தம் ஒரே திசையில் ஓடுவதற்காகக் கதவுபோல் திறந்து மூடுகின்றன. அதுவும் ஒரு நாளில் ஏறத்தாழ 100,000 முறை! சிறுவயதில் வரும் தொண்டைத் தொற்றைக் கவனிக்காமல் விட்டால், வாதக் காய்ச்சல் ஏற்பட்டு இவை பழுதடையக்கூடும். 1925இல் இலண்டன் மருத்துவர் ஹென்றி சௌட்டர், துடிக்கும் இருதயத்துள் விரலை நுழைத்து ஓர் இளம்பெண்ணின் வால்வை விரித்தார். அவள் பிழைத்தாள். 1960இல் அமெரிக்காவில் மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டாரும் பொறியாளர் லோவெல் எட்வர்ட்சும் கூண்டுக்குள் பந்து அமைந்த செயற்கை வால்வில் வெற்றி கண்டனர். 1998இல் பாரிசில் அலென் கார்ப்பெந்தியே ரோபோ கரங்களின் துணையோடு வால்வைச் செப்பனிட்டார். மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து திரையைப் பார்த்தபடி அக்கரங்களை இயக்குவார். மார்பெலும்பைப் பிளக்க வேண்டியதில்லை.

இவை வியப்பூட்டும் முன்னேற்றங்களே. எனினும், வால்வையே மாற்ற நேர்ந்தால், அறுவை முடிந்தபின் உள்ளே தங்கிவிடும் பொருள்தான் நோயாளியின் ஆயுளைத் தாங்க வேண்டும்.

இந்தியாவில் இறக்குமதி வால்வுகளின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. ஆகவே, திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் உள்நாட்டிலேயே வால்வு செய்ய முனைந்தார். சட்டத்துக்குள் ஒரு வட்டத் தகடு சாய்ந்து திறக்கும், நேராகி மூடும். அமைப்பு எளிதுதான். தகட்டை எதனால் செய்வது என்பதே சிக்கல். தேய்மானத்துக்கு அஞ்சி, செயற்கை நீலக்கல் படிகத்தையும் பயன்படுத்திப் பார்த்தனர். அத்தனை கடினமான கல்லும் சோதனையில் உடைந்தது. மூன்று மாதிரிகள் இவ்வாறு ஒவ்வொரு காரணத்தால் கைவிடப்பட்டன.

நான்காவது மாதிரியில் கோபால்ட் கலந்த உலோகச் சட்டமும், மிக உறுதியான பாலித்தீன் தகடும் இடம்பெற்றன. கடைகளில் தரும் பிளாஸ்டிக் பையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்! செம்மறி ஆடுகளில் சோதித்த பின்னர், 1990 டிசம்பர் 6ஆம் நாள் அவ்வால்வு முதன்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. சமையல் குக்கருக்குப் பெயர்பெற்ற சென்னை டி.டி.கே. குழுமம் அதன் உற்பத்தியை ஏற்றது. இதுவரை 100,000க்கும் மேற்பட்டோர் இவ்வால்வைப் பெற்றுள்ளனர். இரத்தம் உறையாதிருக்க அவர்கள் ஆயுள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும். ஆனால், பிளாஸ்டிக் தகடு என்பதால் அது மூடும் ஓசை மட்டும் குறைவு.