பல்லியும் பிரார்த்தனையும்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, முன்னறையில் பாயை விரித்து முழங்காற்படியிடுவது எங்கள் வீட்டு வழக்கம். வழக்கம் என்று நான் சொல்வது முழங்காலைப் பற்றித்தான். மனத்தைப் பற்றி அல்ல. முழங்கால் பாயில் இருக்கும். மனமோ, பால் வந்ததா, குழாயில் தண்ணீர் வந்ததா, கைப்பேசி 'டிங்' என்றதே அது யார் என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். வந்து பார்த்தால் பரமண்டல ஜெபம் முடிந்து போயிருக்கும். யார் சொல்லி முடித்தார்கள் என்பதுதான் தெரியாது.

சென்ற வாரம் ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். அந்தச் சிறு ஜெபத்தைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதற்குள், நான் எழுதிவரும் தொடர்கதையின் கதாநாயகிக்கு மதுரையில் வேலை வாங்கிக் கொடுத்து, அவளுடைய மாமனாரைச் சாகடித்து, மின்சாரக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி தாண்டிவிட்டதோ என்றும் யோசித்து முடித்திருந்தேன். மேஜை முன் உட்கார்ந்தால் நாள் முழுவதும் நொண்டுகிற கற்பனை, முழங்காலில் நின்றதும் நாலுகால் பாய்ச்சலில் ஓடுவானேன்? இதற்கு விடை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லலாம், கதைக்கும் உதவும்.

இது என் ஒருவன் வியாதி என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன். பிறகு அகஸ்தீனாரைப் படித்தேன். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ என்ற ஊரில் மேற்றிராணியாராக இருந்து 430-ஆம் ஆண்டில் மறைந்த மகான் அவர். 'அறிக்கைகள்' என்ற தம் நூலின் பத்தாம் பகுதியில் அவர் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு பல்லி ஈயைப் பிடிப்பதையோ, சிலந்தி தன் வலையில் விழுந்த ஈயைச் சுற்றிக் கட்டுவதையோ கண்டால் போதுமாம்; அவர் மனம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளுமாம். அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எங்கள் முன்னறைச் சுவரிலும் ஒரு பல்லி இருக்கிறது.

இங்கிலாந்துக் கவி ஜான் டன், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் தலைமைக் குருவாக இருந்தவர். 1626-ஆம் ஆண்டு ஓர் அடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்தபோது, தம் ஜெபத்தின் லட்சணத்தைச் சபை நடுவே போட்டு உடைத்துவிட்டார். கடவுளைத் தம் அறைக்கு அழைத்துவிட்டு, ஓர் ஈயின் ரீங்காரத்துக்கும், தெருவில் போகிற வண்டிச் சத்தத்துக்கும், கதவின் முனகலுக்கும் அவரை மறந்துவிடுவதாகச் சொன்னார். நானூறு வருஷம் ஆகிறது. கதவு முனகிய இடத்தில் கைப்பேசி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஈ மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரியவர்களும் நம்மைப் போலத்தான் என்று அறிவதில் ஒரு சுகம் உண்டு. அந்தச் சுகத்திலேயே நானும் தூங்கிப் போயிருப்பேன், என் தாயார் ஒரு வார்த்தை சொல்லாதிருந்தால்.

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். 1826-ல் கட்டிய ஊசிக் கோபுரக் கோவிலின் மணி ஓசையில் வளர்ந்தவர்கள். அம்மாவுக்கு ஏழு பிள்ளைகள். ஆகவே, தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தியானம் செய்யும் பாக்கியம் அவளுக்குக் கிடைத்ததில்லை. சாயங்காலம் ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது அவள் உதடுகள் அசைந்துகொண்டேயிருக்கும். கணக்குப் போடுகிறாள் என்று சிறு வயதில் நினைத்தேன். ஒரு நாள் பக்கத்தில் போய்க் கேட்டேன். குழவி ஒரு சுற்றுச் சுற்றும், ஒரு பெயர். இன்னொரு சுற்று, இன்னொரு பெயர். மூத்த அண்ணன், நான், கடைக்குட்டித் தங்கை, புருஷன் கடிதம் போடாத அடுத்த வீட்டு அக்காள், காலில் புண்ணோடு கூடை சுமக்கிற கீரைக்காரி, எல்லாரும் அந்தக் கல்லைச் சுற்றி வந்தார்கள்.

"இயேசுவின் பாதத்தில் உட்கார்ந்த மரியாளைத்தானே ஆண்டவர் மெச்சினார்? நீ மார்த்தாளைப் போல அடுப்படியிலேயே கிடக்கிறாயே" என்று ஞாயிறு பள்ளியில் படித்ததை வைத்துக்கொண்டு அவளைச் சீண்டுவேன்.

"மார்த்தாள் வேலை செஞ்சதை ஆண்டவர் குத்தம் சொல்லல, யய்யா. அதையும் இதையும் நெனைச்சுக் கலங்குனதைத்தான் சொன்னாரு" என்பாள். குழவி நிற்காது.

பல வருஷங்களுக்குப் பின் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மறுநாள் காலையில் ஆபரேஷன். இரவு அவள் என்னைக் கூப்பிட்டு, "ஒரு ஜெபம் பண்ணு, யய்யா" என்றாள். பண்ணினேன். நான் எழுத்தாளன் அல்லவா? வார்த்தைக்குப் பஞ்சமில்லை. வானத்தையும் பூமியையும் படைத்தவரில் தொடங்கி, வைத்தியர்களின் கரங்கள் வரைக்கும் அழகாகக் கொண்டு வந்து முடித்தேன். அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அத்தனை நேரமும் என் மனம் இருந்த இடம் வேறு. மறுநாள் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய அத்தியாயம் பாதியில் நின்றது. அதன் கடைசி வாக்கியத்தை அந்த ஜெபத்துக்குள்தான் கண்டுபிடித்தேன்.

ஆமென் சொன்னேன். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"நல்லாத்தான் ஜெபம் பண்ணுன. ஆனா எம் பேரைச் சொல்லலியே, யய்யா."

கோபித்துச் சொல்லவில்லை. கறியில் உப்புக் கொஞ்சம் குறைகிறது என்பது போலச் சொன்னாள். அவள் பிழைத்து வீட்டுக்கு வந்து, மேலும் நாலு வருஷம் இருந்தாள். அந்தப் பேச்சை அவள் மறந்தே போயிருப்பாள். என்னால்தான் முடியவில்லை.

அந்த அறையில் ஈ இல்லை, வண்டிச் சத்தம் இல்லை. கைப்பேசியைக்கூட அணைத்து வைத்திருந்தேன். வெளிச்சத்தத்தின் மேல் பழி போட வழியே இல்லை. யோசிக்க யோசிக்க ஒன்று புலப்பட்டது. மனம் தறிகெட்டு ஓடுகிறது என்கிறோம். அது அப்படி ஓடுவதில்லை. ஆசைப்பட்ட இடத்துக்கு ஓடுகிறது. இல்லாவிட்டால், பயந்த இடத்தை விட்டு ஓடுகிறது. அன்றிரவு அம்மாவின் பெயரைச் சொல்லியிருந்தால், அவள் இறந்துபோகக்கூடும் என்பதையும் நான் பார்க்க வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பயந்து என் கதைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

பிற்பாடு சகோதரர் லாரன்ஸ் என்பவரின் கடிதங்கள் கைக்குக் கிடைத்தன. பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தில் சமையல் செய்தவர்; 1691-ல் காலமானவர். சமையற்கட்டின் சந்தடியிலும் கடவுளோடு இருக்கலாம் என்று கண்டவர். மனம் அலைகிறதே என்று வருந்திய ஒருவருக்கு அவர் எழுதிய யோசனை வெகு எளியது. பணக்காரன் வாசலில் கிடக்கிற வாயற்ற பிச்சைக்காரனைப் போல ஆண்டவர் முன் இரு. மனம் ஓடினால், உன்னை நொந்துகொள்ளாமல் மெல்லத் திருப்பிக் கொண்டுவா என்கிறார். பாரிஸ் சமையற்காரரும் பாளையங்கோட்டைத் தாயாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலும்!

இப்போது நானும் அம்மாவின் ஆட்டுக்கல் முறையைத்தான் பழகுகிறேன். மனம் எங்கே ஓடுகிறதோ, அங்கே இருக்கிற ஆளின் பெயரைச் சொல்லி ஜெபத்துக்குள் இழுத்துக்கொள்கிறேன். பால் வந்ததா என்று தோன்றினால், மழையில் சைக்கிள் மிதித்து வருகிற பையனின் பெயர். 'டிங்' என்றால், அனுப்பியவர் பெயர். அதில் தோல்வியும் உண்டு. பத்திரிகாசிரியருக்காக வெகு பக்தியோடு வேண்டிக்கொண்டிருக்கும்போதே, போன மாதத்துச் சன்மானம் வந்ததோ என்று மனம் பாங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு வருகிறது. மறுபடியும் காதைப் பிடித்துக் கூட்டி வருகிறேன். ஒரு ஜெபத்தில் பத்துத் தடவை ஓடினால், பத்துத் தடவை திரும்பி வந்திருக்கிறேன் என்றும் கணக்கு வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

இன்று காலை சுவர்ப் பல்லி சத்தமிட்டது. பல்லி சொன்னால் பலன் உண்டு என்று அடுத்த வீட்டு அக்காள் சொல்வாள், அம்மா நம்பமாட்டாள். அந்த நினைப்பில் அடுத்த வீட்டு அக்காளும் அம்மாவும் ஆட்டுக்கல்லும் வந்தன. பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"என்னங்க, ஜெபம் முடிஞ்சுதா? தேங்காய் துருவணும்" என்று உள்ளேயிருந்து என் மனைவியின் குரல்.

முடியவில்லை. அப்படியே எழுந்து போய்த் துருவலோடு உட்கார்ந்தேன். அவள் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இரண்டு மூடியும் துருவி முடிந்த பிறகுதான் ஆமென் சொன்னேன்.