பெயரை அழித்துவிட்டுப் படிப்பது

பகலில் நான் பெயர் கேட்கிறவன். இரவில் பெயரைப் பார்க்காதே என்று எழுதுகிறவன். இந்த இரண்டுக்கும் இடையில் முரண்பாடு இருப்பதாகப் பத்து வருஷமாக எனக்குத் தோன்றியதில்லை. அமெரிக்கத் தேர்தல்களில் புழங்கும் பணத்தைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துவருகிறேன். இப்போது தோன்றுகிறது.

முதலில் பகல். சென்ற வருஷம் எங்கள் கிளைக்கு ஒரு கிழவி, ஆடு விற்ற பணம் அறுபதாயிரத்தைத் தன் கணக்கில் கட்ட வந்தாள். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் என்பதால் பான் எண் கேட்டேன். அவளிடம் இல்லை. அதற்கு மாற்றாக உள்ள படிவத்தை எடுத்து, பெயர், தகப்பனார் பெயர், ஊர், பணம் வந்த வழி எல்லாவற்றையும் நானே எழுதி, ரேகை வாங்கினேன். "எம் பணத்த எங் கணக்குல போட எம் பேர எத்தன வாட்டி சாமி எழுதுவ?" என்றாள். "சட்டம் அப்படி ஆயா" என்றேன். அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பணம் என்பது யாரிடமிருந்து யாருக்கு என்ற இரண்டு பெயர்களுக்கு நடுவில் நிற்கும் ஓர் எண். ஒரு பெயர் விட்டுப்போனால் கணக்கு நிற்காது.

இனி இரவு. பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸின் 'பிராக்டிகல் கிரிட்டிஸிஸம்' (1929) புத்தகம் அறிமுகமாயிற்று. கேம்பிரிட்ஜில் அவர் கவிஞர் பெயர் போடாமல் கவிதைகளைக் கொடுத்து, மாணவர்களை அபிப்பிராயம் எழுதச் சொன்னார். பெரிய கவிஞர்களைப் பலர் தள்ளினார்கள், சுமாரானவர்களைத் தூக்கிவைத்தார்கள். இந்தப் பரிசோதனை என்னை மதம் மாற்றியது என்றே சொல்ல வேண்டும். நம்மிடம் விமர்சனம் என்று நடப்பது பெரும்பாலும் பெயருக்குப் போடும் மாலை, அல்லது பெயர்மீது எறியும் செருப்பு. எழுதியவன் யார் என்பதை மற. எழுத்தைப் பார் என்று நானும் பல இடங்களில் எழுதினேன்.

அமெரிக்காவில் பெயர் சொல்லாமல் தேர்தலுக்குப் பணம் தருவதை ஆதரிப்பவர்களின் வாதங்களைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விளம்பரம் சொல்வது சரியா தவறா என்று பாருங்கள், யார் காசு என்று ஏன் கேட்கிறீர்கள் என்கிறார்கள். இது என் வாக்கியம். என் வாக்கியத்தை வேறு யாரோ, வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வங்கிக்காரன் என்ற முறையில் எனக்கு வாட்டர்கேட் விவகாரத்தில் மறக்க முடியாதது ஒரு காசோலைதான். 1972-ல் நிக்ஸனின் தேர்தல் குழுவுக்குச் சேர வேண்டிய 25,000 டாலர் வங்கிக் காசோலை, மயாமியில் ஒருவர் கணக்கில் போடப்பட்டிருந்தது. அவர் வாட்டர்கேட் கட்டடத்தில் பூட்டை உடைத்துப் பிடிபட்டவர்களில் ஒருவர். காசோலையில் நிக்ஸனுக்கு நிதி திரட்டிய கென்னத் டால்பெர்க்கின் பெயர் இருந்தது. நிருபர்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த அவமானத்தின் பிறகு, 1974-ல் நன்கொடைக்கு உச்சவரம்பு வந்தது. கணக்குகளைக் கவனிக்க மத்தியத் தேர்தல் கமிஷன் ஏற்பட்டது. 1976-ல் உச்ச நீதிமன்றம் நன்கொடை வரம்பை அனுமதித்து, செலவு வரம்பை நீக்கியது. பணம் செலவழிப்பது பேசுவதற்குச் சமம் என்ற எண்ணம் அங்கே வேர் பிடித்தது.

2010 ஜனவரி 21-ல் 'ஸிட்டிஸன்ஸ் யுனைடெட்' வழக்கில் 5-க்கு 4 என்ற கணக்கில் வந்த தீர்ப்பு, வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் கம்பெனிகள் தேர்தலில் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்றது. அதே தீர்ப்பில், பணம் தந்தவர் பெயரை வெளியிடச் சொல்வது நியாயம்தான் என்று ஒன்பது பேரில் எட்டு நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பெயர் வெளியே தெரியும் என்ற நம்பிக்கையில்தான் கதவு திறக்கப்பட்டது. ஆனால் பெயர் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் புரியும். வரிச் சட்டத்தில் 'சமூக நலன்' சங்கம் என்று ஒரு வகை உண்டு. அரசியல் அதன் பிரதான வேலையாக இருக்கக் கூடாது. ஆனால் கொஞ்சம் இருக்கலாம். நன்கொடையாளர் பெயரை அது வெளியிட வேண்டியதில்லை. பணக்காரர் சங்கத்துக்குத் தருகிறார். சங்கம், வரம்பின்றி வசூலிக்கும் 'சூப்பர் பேக்' என்ற அமைப்புக்குத் தருகிறது. சூப்பர் பேக் சட்டப்படி கமிஷனுக்குக் கணக்குக் கொடுக்கிறது. தந்தவர் பெயர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயர் இருக்கிறது. படிவம் பூர்த்தியாகிவிட்டது. என் மேஜைக்கு வந்தால் நானும் முத்திரை குத்தித்தான் அனுப்ப வேண்டும்.

இப்படி வந்த பணம் 2020 தேர்தலில் சுமார் 100 கோடி டாலர். 2024-ல் 190 கோடி டாலர் என்று பிரென்னன் மையம் கணக்கிட்டிருக்கிறது. ஒரு கட்சியின் பாவம் என்று இதைச் சொல்ல முடியாது. 2020-ல் ஜனாதிபதித் தேர்தலில் இதனால் அதிகம் பயனடைந்தவர் பைடன்தான். பெயர்களை வெளியிடச் சொல்லும் மசோதா 2010-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி செனட்டில் நின்றது. 2022-ல் மறுபடியும் 49-க்கு 49 என்று செனட்டில் நின்றது.

மான்டானா மாநிலத்துக்கு இது பழைய கதை. செனட்டரை மாநிலச் சட்டசபை தேர்ந்தெடுத்த காலத்தில், 1899-ல், தாமிரச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க் வாக்குகளை விலைக்கு வாங்கினார். லஞ்சமாக வந்த 30,000 டாலரைச் சபையிலேயே எடுத்துக் காட்டினார்கள். அப்படியும் கிளார்க் தேர்வானார்; 1900-ல் ராஜினாமா செய்ய நேர்ந்தது. 1912-ல் மான்டானா மக்கள் தாங்களே வாக்களித்து, கம்பெனிப் பணத்தைத் தேர்தலில் தடை செய்தார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து, 2012-ல், உச்ச நீதிமன்றம் வாதம்கூடக் கேட்காமல் அந்தத் தடையைத் தள்ளிவிட்டது. அதற்கு முன்பே அங்கே தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, தபால் பெட்டிகளில் துண்டுப் பிரசுரங்கள் வந்து விழ ஆரம்பித்திருந்தன. அனுப்பிய சங்கத்தின் காகிதங்கள் பிறகு கொலராடோவில், போதைமருந்துக்காரர்கள் புழங்கிய ஒரு வீட்டில், அட்டைப்பெட்டிகளில் கிடைத்தன. உள்ளே வேட்பாளர்கள் பெயரிட்ட கோப்புகள் இருந்தன.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் உறுப்பினர் பட்டியலை அலபாமா அரசு கேட்டது. பட்டியல் போயிருந்தால் வேலை போயிருக்கும். சிலருக்கு உயிர் போயிருக்கும். 1958-ல் உச்ச நீதிமன்றம் கொடுக்க வேண்டாம் என்றது. ஒஹையோவில் பள்ளி வரிக்கு எதிராகப் பெயர் போடாமல் துண்டுத்தாள் கொடுத்த ஒரு பெண்மணிக்கு விதித்த 100 டாலர் அபராதமும் 1995-ல் ரத்தாயிற்று. இவற்றை எதிர்க்க என்னால் முடியாது. பெயரை மறைத்துக்கொள்வது பலவீனமானவனின் போர்வை. அதே போர்வைக்குள் இன்று கோடீஸ்வரனும் வந்து படுத்துக்கொண்டிருக்கிறான். எப்படிப் பிரித்துச் சொல்வது?

எனக்குக் கிடைத்த பதில் ரிச்சர்ட்ஸின் வகுப்பறையிலேயே இருந்தது. மாணவர்களுக்குத்தான் கவிஞர்களின் பெயர் தெரியாது, ரிச்சர்ட்ஸுக்குத் தெரியும். பரீட்சிக்கப்பட்டவர்கள் மாணவர்கள். அலபாமா சங்கத்தின் உறுப்பினர், அதிகாரத்தில் இருப்பவனிடமிருந்து பெயரை மறைத்தார். கோடீஸ்வரன் அவனிடம் மறைப்பதில்லை. ஜெயித்தவனுக்கு யார் பணம் என்று சொல்ல ஒரு தொலைபேசி போதும். மறைப்பது வாக்காளரிடம் மட்டும். துண்டுப் பிரசுரத்துக்கு இரண்டு வாசகர்கள். ஒருவருக்குப் பெயரோடு, இன்னொருவருக்குப் பெயரில்லாமல். 2018 முதல் நம் நாட்டில் விற்ற தேர்தல் பத்திரமும் இந்த ஏற்பாடுதான்: வாங்கியவர் யாரென்று வங்கிக்குத் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15-ல் நம் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

இதை இவ்வளவு தூரம் யோசிப்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. மூன்று வருஷங்களுக்கு முன், இன்று நின்றுபோய்விட்ட ஒரு சிறுபத்திரிகையின் ஆசிரியர் ஒரு கவிதைத் தொகுதியைக் கொடுத்து மதிப்புரை எழுதச் சொன்னார். நான்கு பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். வழக்கமாக ஒன்றரைப் பக்கம்தான். கவிஞரை எனக்குத் தெரியாது. தேடினால் நல்ல வரிகள் கிடைத்தன. நேர்மையாகத்தான் எழுதினேன். பிறகு தெரிந்தது, முந்தைய இதழின் கடைசிப் பக்கத்தில் 'ஓர் அன்பர், ரூ. 20,000' என்றிருந்தது அந்தக் கவிஞர்தான் என்று.

என்னை யாரும் வாங்கவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மை. அந்த நான்கு பக்கங்கள் வாங்கப்பட்டன என்பதும் உண்மை. அந்த இதழில் இடமில்லாமல் போன புத்தகங்களில் ஒன்று, நான் எழுதியதைவிட நல்ல புத்தகம். பக்கம் ஒதுக்கியவருக்குப் பெயர் தெரியும். எழுதியவனுக்கும் படித்தவனுக்கும் தெரியாது.

இப்போதும் கவிதையைப் பெயர் பார்க்காமல்தான் படிக்கிறேன். ஆனால் புத்தகம் கைக்கு வரும்போது, எப்படி வந்தது, யார் கொடுக்கச் சொன்னார்கள் என்று ஆசிரியரிடம் கேட்கிறேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் கிழவியிடம் தகப்பனார் பெயர் கேட்டபோது இந்தக் கூச்சம் எனக்கு இருக்கவில்லை.