"எத்தனை பேருய்யா?"

2025 ஜூன்ல கூமாப்பட்டி ரீல்ஸ் இன்ஸ்டாகிராம்ல வைரல் ஆனப்போ, 'ப்ளோ அப்'பை அப்படியே தமிழாக்கி, "அம்மாச்சி, கூமாப்பட்டி வெடிச்சிருச்சு!" என்று போனில் கத்தினேன். அவங்க ஊர் சிவகாசிப் பக்கம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எந்த ஆலை? எத்தனை பேருய்யா?"

இங்கிலீஷில் டயர்னா பர்ஸ்ட், குண்டுன்னா எக்ஸ்ப்ளோட், ரீல்னா ப்ளோ அப். நமக்கு எல்லாம் ஒரே வெடிதான். பருத்திக்காய் வெடிக்கும், கரிசல்காடு வெடிக்கும், குதிகாலும் வெடிக்கும். அதுக்கெல்லாம் அம்மாச்சி பதறினதில்லை. ஆனா ஊர்ப்பேரோடு சேர்த்துச் சொன்னா, 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்துதான் அவங்களுக்கு ஞாபகம் வரும்.

ரீலுன்னா என்னன்னு விளக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. எல்லாம் கேட்டுட்டு, "யாருக்கும் ஒண்ணுமில்லைல்ல?" என்று மறுபடி கேட்டுத்தான் போனை வச்சாங்க.