எதை எரிக்கிறது?

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு ஒரு பயோமாஸ் மின் நிலையம் அமைப்பதென்றால் எதை எரிபொருளாகத் தெரிவு செய்வீர்கள், ஏன்? மரம், வைக்கோல், கோழிப் பண்ணைக் கழிவு, சாப்பாட்டு மிச்சம் என்று நாலு தெரிவு. அவள் யோசிக்காமல் மரத்துக்குச் சரி போட்டாள். "மரம் திரும்ப வளரும்தானே அம்மா?"

யோர்க்ஷையரில் இருக்கிற எங்களுக்கு இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. எம்62 வீதியில் போகும்போது தெரிகிற அந்த 12 கோபுரங்கள், டிராக்ஸ் மின் நிலையம். ஒருகாலம் நாட்டிலேயே பெரிய நிலக்கரி நிலையம். இப்போது மரத்தூளை அழுத்திச் செய்த குட்டி உருளைகளை எரிக்கிறது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. மரம் வளரும்போது உறிஞ்சிய கார்பன்தானே திரும்பப் போகுது என்பது அவர்கள் வாதம். ஆனால் புகைபோக்கியில் அளந்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மரம் நிலக்கரியைவிடக் கூடுதலாகவே கார்பன் டையொக்சைட் விடும். எரிந்து முடிய நிமிடங்கள். அவ்வளவு மரம் வளரப் பல பத்தாண்டுகள். மர ஆலையில் மிஞ்சிய தூள் என்றால் ஒரு கணக்கு, காட்டில் நின்ற மரம் என்றால் வேறு கணக்கு. இங்கே நடக்கிற சண்டை எல்லாம் இதைப் பற்றித்தான்.

இதை மகளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, குசினியிலிருந்து அம்மா கேட்டா: "பச்சை மரத்தைத் தறிச்சே அடுப்பு எரிக்கினம்?"

பிறகு அவவை நிறுத்த ஏலாது. யாழ்ப்பாணத்தில அவவின்ர வீட்டில முதலில் எரிவது பன்னாடை, கொக்காரை, ஊமல், பொச்சு மட்டை. அது முடிஞ்சால் காய்ஞ்ச கொப்பு. "மரம் கடைசி. அதுவும் பட்ட மரம்." ஈர விறகு புகையத்தான் செய்யும் என்றும் சொன்னா. சரிதான், அப்போது வெட்டிய மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். அதை உலர்த்தவே சூடு செலவாகும். சாப்பாட்டு மிச்சத்தை எரிக்காமல், காற்றுப் போகாத தொட்டியில் புளிக்கவிட்டு வாயு எடுப்பதும் அதனால்தான்.

மகளுக்கு ஒரே சந்தோஷம். "ஊமலுக்கு இங்கிலிஷில என்ன?" எனக்கும் தெரியாது. பனங்கொட்டையின் காய்ந்த கோது என்று எழுதச் சொன்னேன்.

வைக்கோல் பற்றித்தான் கன நேரம் கதைத்தோம். கேம்பிரிட்ஜ்ஷையரில் ஈலி நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள நிலையம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் டன் வைக்கோல் எரிக்கிறது. சுற்றுவட்டாரத்து வயல்களில் விளைவது, கப்பல் வேண்டாம். ஆனால் மாட்டுக்குப் படுக்கையும் அதுதான், மண்ணுக்குப் பசளையும் அதுதான். முழுவதையும் அள்ளினால் வயல் மெலியும். கோழிக் கழிவில் அந்தச் சிக்கல் குறைவு: நோர்போக்கில் தெட்போர்ட் நிலையத்தில் அதை எரித்து மிஞ்சும் சாம்பல் உரமாகத் திரும்ப வயலுக்குப் போகிறது. மணத்தை நினைத்து மகள் மூக்கைப் பொத்தினாள்.

கடைசியில் மரத்துக்குப் போட்ட சரியை அழித்துவிட்டு வைக்கோல் என்று எழுதினாள். பக்கத்தில், "வயலுக்குப் பாதியை விட்டுவிட்டு." பாதி சரியா, கால்வாசி போதுமா என்று அம்மம்மாவோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறாள்.