அடங்காத பிப்பி

ஒட்சுகிமி மலைக் குகைக்குள் வெகு நேரம் அலைந்தால்தான் பிப்பி கண்ணில் படும். இளஞ்சிவப்பு உடம்பு, நெற்றியில் சுருண்ட முடி, முதுகில் பறக்க உதவாத குட்டிச் சிறகு. ஆங்கிலத்தில் விளையாடியவர்களுக்கு இதை கிளெஃபேரி என்றால் தெரியும். 1996 பிப்ரவரி 27ஆம் தேதி ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வந்த ‘போக்கெட் மான்ஸ்டர்ஸ்’, சுருக்கமாக போக்கெமான், சிவப்பு, பச்சை விளையாட்டுகளில் பிப்பி இப்படித்தான் இருந்தது. அழகானது, அரிதானது, அப்பிராணி.

அதே 1996இல், அதே பிப்பி ஒரு மாங்காவுக்குள், அதாவது ஜப்பானியப் படக்கதைக்குள், நுழைந்தது. நுழைந்ததும் அப்பிராணித்தனம் போன இடம் தெரியவில்லை. கண்டதைத் தின்றது, எஜமானனை எதிர்த்துப் பேசியது, எதிரியின் முகத்துக்கு நேரே பின்புறத்தைக் காட்டியது, காற்றுப் பிரித்தது. வரைந்தவர் அனகுபோ கோசாகு. போக்கெமான் உலகிலிருந்து பிறந்த முதல் மாங்காத் தொடர் அதுதான். 2019 வரை, அதாவது 23 ஆண்டுகள், அவர் அதை விடாமல் வரைந்தார். போக்கெமானைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இந்தத் தொடரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எழுதினாலும், விநோதமான ஒரு பக்கக் கிளை என்று இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை.

தொடர் வளர்ந்த இடத்தை முதலில் சொல்லவேண்டும். ஷோகாகுகான் பதிப்பகத்தின் ‘கோரோகோரோ காமிக்’ 1977இல், டோரேமான் கதைகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் எண்ணத்தோடு தொடங்கப்பட்ட இதழ். அகலத்தில் சிறியது, தடிமனில் செங்கல். தொடக்கப்பள்ளிப் பையன்கள்தான் வாசகர்கள். கடினமான எழுத்துகளின் பக்கத்திலேயே உச்சரிப்பைப் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட யார் துணையும் இல்லாமல் படித்துவிடலாம். அந்தத் தனிமை முக்கியமானது. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டும் புத்தகம் ஒரு வகை. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தானே படித்துத் தானே சிரிக்கும் புத்தகம் வேறு வகை. அனகுபோ இந்த இரண்டாம் வகைக்காகவே, கோரோகோரோவிலும் அதன் சகோதர இதழ்களிலும் வரைந்தார்.

ஏன் பிப்பி? போக்கெமான் உருவங்களில் எது மக்கள் மனதைப் பிடிக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ரெட் என்ற சிறுவனின் துணையாக மாங்காவில் பிப்பி வந்தது. தொலைக்காட்சித் தொடருக்கும் முதலில் அதன் பெயர் அடிபட்டது. பிறகு அங்கே பிகாச்சுவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1997 ஏப்ரல் 1ஆம் தேதி டிவி டோக்கியோவில் தொடர் ஆரம்பித்ததும் உலகம் பிகாச்சுவின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே அது ஜப்பானிய விமானத்தின் உடம்பில் ஏறிவிட்டது.

பிப்பி தோற்றதைப் பெரிய அதிர்ஷ்டம் என்றே நான் நினைக்கிறேன். விமானத்தில் வரையப்பட்ட முகம் பிறகு ஒரு நிறுவனத்தின் முகம். அது காற்றுப் பிரிக்க முடியாது, பொய் சொல்ல முடியாது, சோற்றுக்காக நண்பனைக் காட்டிக்கொடுக்க முடியாது. பிப்பிக்கு அந்தப் பாரம் இல்லை. அதே மாங்காவில் பிகாச்சுவும் வருகிறது, ஆனால் பிப்பி ஆடும் கூத்துக்குப் பக்கத்தில் நிற்கும் துணையாகத்தான். உலகமே கொண்டாடிய ஒன்றை இரண்டாம் இடத்தில் நிறுத்தி, கைவிடப்பட்ட ஒன்றை நடுவில் வைத்து 23 ஆண்டுகள் கதை நடத்துவதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும்.

விளையாட்டின் இயல்பை நினைத்துப் பார்த்தால் இந்தப் பிடிவாதத்தின் மதிப்பு இன்னும் நன்றாகத் தெரியும். போக்கெமான் ஒழுங்கின் மேல் கட்டப்பட்டது. உருவாக்கிய தாஜிரி சதோஷி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்த ஆசைதான் விளையாட்டின் விதை. 151 உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பிடி, பெயர் வை, பழக்கு, பட்டியலை நிரப்பு. நண்பனிடமிருந்து மாற்றி வாங்கிய உயிரின் பலம் கூடக் கூட, உரிய பதக்கம் இல்லாத பயிற்சியாளன் பேச்சை அது கேட்காது. போர் நடுவே தூங்கிவிடும். கீழ்ப்படியாமை அங்கே ஒரு குறை. பதக்கம் வாங்கிச் சரிசெய்யவேண்டிய குறை.

அனகுபோ அந்தக் குறையை எடுத்துத்தான் மொத்தக் கதையையும் கட்டினார். ரெட் சொல்லும் எதையும் பிப்பி சொன்னபடி செய்வதில்லை. செய்தால் தவறாகச் செய்கிறது, அல்லது வேண்டிய அளவுக்குப் பத்து மடங்கு செய்கிறது. ரெட்டும் மகா உத்தமன் அல்ல. திட்டுகிறான், அலறுகிறான், அவனும் முட்டாள்தனத்தில் இறங்குகிறான். விளையாட்டிலேயே இதற்கு ஒரு வித்து இருந்தது. பிப்பிக்குத் தெரிந்த ஒரு வித்தை, விரலை இப்படியும் அப்படியும் ஆட்டுவது. ஆட்டினால் அந்த விளையாட்டில் இருக்கும் 165 தாக்குதல்களில் ஏறக்குறைய எது வேண்டுமானாலும் வெளிவரலாம். எதிரி மேல் நெருப்பு பாயலாம். ஒன்றுக்கும் உதவாத துள்ளலாக முடியலாம். பிப்பியே வெடித்து மயங்கி விழலாம். என்ன வரும் என்று ஆட்டுகிறவருக்கே தெரியாது. அனகுபோ இதைக் கவனித்துத்தான் பிப்பியை இப்படி வளர்த்தாரா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நகைச்சுவைக் கலைஞனுக்கு இதைவிடப் பொருத்தமான உயிர் அந்த 151இல் கிடையாது.

படத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொடரைப் பற்றிப் பேச முடியாது. அனகுபோவின் கோடு தடித்தது, அவசரமானது போலத் தோன்றுவது. ஒரு கட்டத்தில் பிப்பி அதிகாரபூர்வமான வடிவத்தில், உருண்டையாக, மழலை முகத்தோடு நிற்கும். அடுத்த கட்டத்தில் கண்கள் கூட்டைவிட்டு வெளியே வந்திருக்கும், வாய் உடம்பைவிடப் பெரிதாகத் திறந்திருக்கும், நாக்கு, பல், உள்நாக்கு எல்லாம் தெரியும். வியர்வைத் துளிகள் கட்டத்துக்கு வெளியே தெறிக்கும். அலறல் படத்தின் ஒரு பகுதியாகவே எழுதப்பட்டிருக்கும்: கியேப்பீ! எழுத்துகள் கோணலும் மாணலுமாகப் பக்கத்தின் குறுக்கே பாயும். அழகான முகம் இருந்தால்தானே அது குலைவதில் வேடிக்கை? அதனால் அவர் ஒவ்வொரு முறையும் அழகைத் திரும்பக் கட்டுகிறார், உடைப்பதற்காகவே. கட்டுவதும் உடைப்பதும் ஒரே பக்கத்தில் மூன்று நான்கு முறை நடக்கும். அவசரக் கோடு என்று சொன்னேன். ஆனால் எங்கே நிறுத்தவேண்டும் என்பதில் அவசரமே இல்லை. அலறலுக்கு முந்திய கட்டத்தில் எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். அந்த ஒரு மூச்சு நிறுத்தத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது.

சிங்கப்பூரில் சுவாங் யி நிறுவனம் இந்தத் தொடரை ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதில் ஒரு தொகுதி என்னிடம் இருந்தது. ஒரு விடுமுறைக்கு வந்த என் அக்கா மகன் அதை அலமாரியிலிருந்து எடுத்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது இருக்கும். கூடத்துத் தரையில் படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைக் காற்றில் ஆட்டிக்கொண்டு படித்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திடீரென்று உடம்பு குலுங்க ஆரம்பித்தது. “மாமா, இத பாருங்களேன்” என்று ஓடிவந்து காட்டினான். காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தான், நான் சிரிக்கிறேனா என்று. நான் சிரித்ததும் அவனுக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? தன்னுடைய சிரிப்பு தப்பில்லை என்று உறுதியானதுபோல. பிறகு அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னடா அப்படி இருக்கு அதுல?” என்று கேட்டபோது புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லம்மா” என்றான்.

பெற்றோர் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கழிவறை வேடிக்கை கணக்கில்லாமல் வருகிறது. ஆனால் ஜப்பானிய நகைச்சுவை மாங்கா இதைக் கண்டு ஒருநாளும் கூசியதில்லை. 1962இல் ‘ஒசோமாட்சு-குன்’ வரையத் தொடங்கிய அகாட்சுகா ஃபுஜியோ அர்த்தமில்லாத சேட்டையை ஒரு கலையாகவே ஆக்கினார். தோரியாமா அகிராவின் ‘டாக்டர் ஸ்லம்ப்’ கதையில் அராலே என்ற சிறுமி மலத்தைக் குச்சியால் குத்திப் பார்த்து ஆச்சரியப்படுவாள்; தேசமே அவளை நேசித்தது. 2017இல் எழுத்துப் பயிற்சிப் புத்தகம் ஒன்று வந்தது. எல்லா உதாரண வாக்கியங்களிலும் மலம் என்ற சொல் வரும்படி அமைத்திருந்தார்கள். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி, சிரித்துக்கொண்டே எழுத்து பழகினார்கள். தன் உடம்பைப் பற்றி ஒரு குழந்தைக்கு நாள் முழுவதும் கட்டளைதான் கிடைக்கிறது. நிமிர்ந்து உட்கார், வாயை மூடிக்கொண்டு மெல்லு, சத்தம் போடாதே. அந்தக் கட்டளைகள் எல்லாவற்றையும் மீறிவிட்டு, அடுத்த பக்கத்தில் முழுசாக எழுந்து வரும் ஓர் உயிரைப் பார்ப்பது அதற்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

இந்த மாதிரி இதழ்களின் வாசகன் நிலையானவன் அல்ல. எட்டு வயதில் வருவான், பன்னிரண்டில் போய்விடுவான். போகும்போது அந்தச் சிரிப்பை வெட்கத்துக்குரியதாகவும் நினைத்துக்கொண்டு போவான். நீண்ட சாகசக் கதை வாசகனோடு கூடவே வளரலாம். அடிதடி நகைச்சுவை வளர முடியாது. புதிதாக வரும் எட்டு வயதுக்காரனுக்கு எல்லாம் முதல் முறையாக நடக்கவேண்டும். அதனால் ரெட்டுக்கு வயது கூடவில்லை. புதிய விளையாட்டு வரும்போதெல்லாம் தொடரின் பெயர் மாறியது: ரூபி சஃபையர், டயமண்ட் பேர்ல், பிளாக் வைட். புதிய உயிர்கள் வந்து சேர்ந்தன. பிப்பி அப்படியே இருந்தது. கோரோகோரோவில் இப்படி இன்னொருவரும் உண்டு; சாவாடா யுகியோ 1990இலிருந்து ‘சூப்பர் மாரியோ-குன்’ வரைந்துவருகிறார். ஒரே பாத்திரங்களை வைத்துக்கொண்டு, தன்னை விட்டுப் போகப்போகும் வாசகனுக்காக, மாதம் தவறாமல் வேடிக்கை செய்வது. மறந்துபோவான் என்று தெரிந்தும் குறையில்லாமல் செய்வது. இதை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன்.

மரியாதை எல்லாம் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது. 1997இல் தொடங்கிய, குசாகா ஹிதெனோரி எழுதும் ‘போக்கெமான் ஸ்பெஷல்’ சாகசத் தொடர். கதைப்போக்கு, பாத்திர வளர்ச்சி, போர்த் தந்திரம் எல்லாம் அதில் உண்டு. நல்ல தொடர், உலகம் முழுக்க மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. நானும் விரும்பிப் படித்திருக்கிறேன். ஆனால் அதை ஒரு பையனிடம் கொடுத்தால் அவன் அமைதியாகிவிடுகிறான். அனகுபோவைக் கொடுத்தால் வீடே அறிகிறது.

போனவர்கள் முழுக்க மறந்துவிடவும் இல்லை. முதல் வாசகர்களுக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது. ஜப்பானில் அவர்கள் தங்களுக்குள் இந்த மாங்காவைத் தலைப்பைச் சொல்லிக் குறிப்பதில்லை, ‘கியேப்பீ’ என்ற அந்த அலறலையே பெயராக வைத்துவிட்டார்கள்.

என் வருத்தம் வேறு. 2019இல் முடிந்துபோன இந்தத் தொடர் ஆங்கிலத்துக்கு முழுமையாக வரவேயில்லை. சுவாங் யி இன்று இல்லை. ஷோகாகுகானின் ஆசியக் கிளை 2013இலிருந்து சிங்கப்பூரில்தான் இருக்கிறது. வண்ணமும் கெட்டி அட்டையும் வேண்டாம். சேகரிப்பாளர்களுக்கான விலையும் வேண்டாம். மலிவான தாளில், பிள்ளைகள் கைச்செலவுப் பணத்தில் வாங்கக்கூடிய விலையில், முதல் தொகுதியிலிருந்து அவர்கள் போட்டால் போதும். சீக்கிரம் போடவேண்டும். அக்கா மகனுக்கு இப்போது பதினொன்று நடக்கிறது.