பெரியநீலாவணையில் ஒரு குளிர்ப்பெட்டி

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் களுவாஞ்சிக்குடியையும் இரண்டு கல்லாறுகளையும் கடந்ததும் ஒரு மாவட்டம் முடிந்து மற்றொன்று தொடங்குகின்றது. அம்பாறை மாவட்டத்தின் அவ்வட எல்லையில் நம்மை முதலில் எதிர்கொள்ளும் ஊர் பெரியநீலாவணை. கிழக்கே கடல், மேற்கே வாவி. இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில் வீடுகளும் தென்னைகளும் கோயிலும் பள்ளிவாசலும் நெருங்கி நிற்கின்றன. கவிஞர் நீலாவணன் (1931–1975) பிறந்த ஊர் இது என்பதை இலக்கிய மாணவர் அறிவர். நாமும் அவர் நினைவோடுதான் அங்கு இறங்கினோம். ஆயினும், இறங்கிய மறுகணமே கவிதை மறந்தது, கச்சான் பிடித்துக்கொண்டது.

கச்சான் என்றவுடன் யாழ்ப்பாணத்து நேயர்கள் நிலக்கடலையை எண்ணிவிடக் கூடாது. கீழ்க்கரையில் கச்சான் என்பது மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசும் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டிலேயே பொழிந்துவிட்டு, வெறும் வெப்பத்தை மட்டும் சுமந்துகொண்டு ஆனி, ஆடி மாதங்களில் இக்கரைக்கு வந்து சேருகின்றது. உதடு வெடிக்கும், நா வறளும். நிழல் தேடி நடந்த நாம், பெருந்தெருவின் மேற்குப்புறத்தில் ஒரு வீட்டின் முகப்பை ஒட்டியிருந்த சிறு ஐஸ்கிறீம் கடையினுள் நுழைந்தோம். வந்த வேலை அங்கேயே நின்றுவிட்டது.

கடை என்றால் பத்து முழ அகலம் இருக்கலாம். ஒரு குளிர்ப்பெட்டி, இரண்டு வாங்குகள், சுவரில் சுகாதாரப் பரிசோதகரின் சான்றிதழ், கண்ணாடிப் போத்தல்களில் பலூடாவுக்கான கசகசாவும் சிவப்புச் சர்பத்தும். வாசலில் தொப்பியணிந்த பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். கடையை நடத்துபவர் அவருடைய மகள். முச்சக்கரவண்டியில் ஐஸ்கிறீம் கொண்டுசெல்பவர் மருமகன். தென்னிலங்கைக் கரையோர நேயர்களுக்கு ஒரு சொல்: இப்பகுதியில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு பெண்ணுக்கே சீதனமாய்ச் செல்லும், மணமகன் வந்து சேருவான். ஆகவே தந்தையின் தொழில் மகனைத் தேடிப் போகாமல், வீட்டோடு வந்த மருமகனின் கையில் விழுவதும் உண்டு. இங்கு அப்படித்தான் விழுந்திருந்தது.

"வாங்க மகன், வெயிலுக்குள்ள நிக்காதீங்க" என்றார் பெரியவர். மகள் கொண்டுவந்த பலூடாவை நாம் அவசரமாக அருந்தியதைப் பார்த்துச் சிரித்தார். "இந்தச் சூட்டுக்குத்தான் நாங்க சீவிக்கிற. ஆனா இந்தச் சூடுதான் எங்கட கள்ளனும்" என்றார். விளங்கவில்லை என்றோம். அவர் எழுந்துவந்து குளிர்ப்பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

வண்டியில் ஏற்றும் பெட்டியில் முதல் முக்காற்பங்கு விற்று வரும் பணம், சரக்கு வாங்கிய கடனுக்கும் பெற்றோலுக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் போய்விடும். கடைசிக் காற்பங்கே வீட்டுக்கு. "பெட்டியில கடைசிக் கால்வாசிதான் நம்மட சோறு மகன்" என்றார் பெரியவர். அந்தக் காற்பங்கோ பிற்பகலில் விற்க வேண்டியது. பெட்டி நூறு முறை திறந்து மூடப்பட்டு, குளிர் முக்காலும் ஓடிப்போன வேளை அது. வெயில் முதலில் தின்பது வியாபாரியின் சோற்றையே. பொருளியல் பயிலும் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

குளிரைக் காக்கும் வித்தையை அவர் எமக்குச் சொல்லித்தந்தார். வண்டிப் பெட்டியின் உட்சுவரோரம் உப்புநீர் நிரப்பி உறைய வைத்த பிளாஸ்திக்குப் போத்தல்கள் அடுக்கப்படுகின்றன. நல்ல நீர் பூச்சியப் பாகையில் உறைகின்றது. ஐஸ்கிறீமுக்கு அக்குளிர் போதாது. அதனைச் சேமிக்கும் பெட்டி பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். உப்பிட்ட நீரோ பூச்சியத்துக்குக் கீழேதான் உறையும், உருகும்போதும் அத்தாழ்ந்த குளிரையே சுற்றிலும் பரப்பும். நூற்றுக்கு 23 பங்கு உப்பென்றால் உறைநிலை பூச்சியத்துக்குக் கீழே 21 பாகைவரை இறங்கும் என்று நாம் பள்ளியிற் படித்ததைச் சொன்னோம். பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார். "கூட உப்புப் போட்டா இறுகாது, குறையப் போட்டா தாங்காது." யோசித்துப் பார்த்தோம். கடைப் பெட்டியின் குளிர் 18. அந்த நீர் உறைவதற்கு வேண்டியது 21. எப்படி உறையும்? புத்தகத்தை நம்பி உப்பிட்டிருந்தால் விடியும்வரை போத்தல்களில் குளிர்ந்த நீரே இருந்திருக்கும்.

பெரியவர் தொழில் தொடங்கிய காலத்தில் இவ்வசதியும் இல்லை. சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி, பெட்டியின் இரட்டைச் சுவர்களுக்கிடையே உமி, உள்ளே ஐஸ்பழம். கையில் ஒரு மணி. உமியைக் கேட்டு நாம் வியந்தபோது, நமக்கு மற்றொரு கடற்கரை நினைவுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் கட்டடம் 1842ஆம் ஆண்டில் பனிக்கட்டி வைக்கவே எழுப்பப்பட்டது. அமெரிக்காவின் பொஸ்ரன் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை, பிரடெரிக் டியூடர் என்ற வணிகர் மரத்தூளிற் பொதிந்து கப்பலேற்றி, இரு பெருங்கடல்களைத் தாண்டி இங்கு அனுப்பினார். அவருக்கு மரத்தூள், இவருக்கு வயற்கரை ஆலையின் உமி. மணிக்கும் ஒரு கதை உண்டு. 1920ஆம் ஆண்டில் ஒஹாயோவின் யங்ஸ்ரவுன் நகரில் ஹாரி பேட் என்பவர் குச்சியிற் செருகிய ஐஸ்கிறீமை லொறிகளில் விற்கத் தொடங்கியபோது, தம் மகனின் பனிச்சறுக்கு வண்டியிலிருந்த மணிகளையே எடுத்து லொறியிற் கட்டினார். ஐஸ்கிறீம் லொறிகளின் ஓசைக்கு அவரைத்தான் முன்னோடி என்பர்.

மருமகனின் வண்டியில் மணி இல்லை, ஒலிபெருக்கி உண்டு. நம் நாட்டில் பாண் விற்கும் முச்சக்கரவண்டிகள் பீத்தோவன் 1810இல் இயற்றிய பியானோ மெட்டை இசைத்துச் செல்வதால், இவர் வேறொரு மெட்டைத் தெரிந்தெடுத்தாராம். "பாண் எண்டு நினைச்சு உம்மாமார் வந்து, ஐஸ்கிறீமைக் கண்டா ஏசுவாங்க." பீத்தோவன் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பாரோ, அறியோம்.

வண்டி செல்லும் வழி இரு சமூகத்தாரின் நாட்காட்டியை ஒட்டியே அமைகின்றது. கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை, அடுத்துப் பாண்டிருப்பு, பின்னர் கல்முனை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு விழாவுக்குக் கூட்டம் பெருகும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும் நாட்களிலும் அவ்வாறே. நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊர்களிற் பகல் வியாபாரம் படுத்துவிடும். நோன்பு திறந்த பின்னர் பலூடாவுக்கு இடமிராது. அப்பகல்களில் வண்டி வடக்கே திரும்பிக் கல்லாற்றுக்குப் போகும். வடகீழ்ப் பருவமழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் எவரும் வாங்கார். அவ்விரு மாதங்களையும் தாண்டுவதற்கு ஆடிமாதத்துக் காசைப் பொத்திவைக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆந் திகதியைப் பற்றி நாம் கேட்கவில்லை, அவரே சொன்னார். அம்பாறை மாவட்டத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்ட அந்நாளில், கடலோரத்திலிருந்த அவருடைய பழைய வீடும் மரப்பெட்டியும் போயின. சைக்கிள் வேலியொன்றில் சிக்கிக் கிடந்ததாம். வேறு என்னென்ன போயின என்று அவர் சொல்லவில்லை. தெருவுக்கு மேற்கே இக்கடை அமைந்ததன் காரணம் அதுதான்.

ஆனால் தொழிலுக்கு வந்த சோதனையாக அவர் நெடுநேரம் பேசியது 2022ஆம் ஆண்டைப் பற்றியே. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது நேயர்களுக்கு நினைவிருக்கும். முதல் நீண்ட வெட்டன்று கடைப் பெட்டி நிறையச் சரக்கு. அதுவும் கடனுக்கு எடுத்தது. மாலைக்குள் பாதி இளகிவிட்டது. இரவு மின்சாரம் வந்தது. காலையில் எல்லாம் கல்லாக இறுகியிருந்தது. மருமகனுக்கு நிம்மதி. வண்டியில் ஏற்றத் தொடங்கினார்.

மகள் ஒரு கிண்ணத்தைத் திறந்து கரண்டியால் எடுத்து வாயில் வைத்தார். "குருணையா இரிக்கி. இதைக் கொண்டு போகாதீங்க" என்றார்.

இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கின்றது. நல்ல ஐஸ்கிறீமில் பனித்துகள்கள் நாவுக்குத் தெரியாத நுண்மையில் இருக்கும். காற்றும் சிறு குமிழிகளாய்க் கலந்திருக்கும். இளகி மீண்டும் மெல்ல உறையும்போது துகள்கள் ஒன்றுசேர்ந்து பருத்துவிடுகின்றன. அதைவிடப் பெரிய தீங்கு, இளகிய வேளையிற் பெருகும் கிருமிகள். உறையவைத்தால் அவை அடங்கிக் கிடக்குமேயன்றி எல்லாம் மடிந்துவிடமாட்டா. கண்ணுக்கு அது பழைய ஐஸ்கிறீமே, வாங்குவோர் குழந்தைகள், அவர்கள் கேட்கப்போவதுமில்லை. கடன்காரரோ வெள்ளிக்கிழமை வருவார். அன்று காலை அவ்வீட்டில் நடந்த வாக்குவாதத்தைப் பெரியவர் சுருக்கமாகவே சொன்னார். மகள் உள்ளே சென்றுவிட்டார். முடிவில் அத்தனையும் தென்னையடியில் குழிவெட்டி ஊற்றப்பட்டன. "மூணு நாளா எறும்பு" என்றார் பெரியவர்.

அதன் பின்னர்தான் அவருடைய பழைய கல்வி பயன்பட்டது. மீனுக்கு இடும் பனிக்கட்டியைக் கிடைத்த நாட்களில் வாங்கி, நொறுக்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு கல்லுப்புக் கலந்து, சரக்கைப் பாத்திரங்களில் அடைத்துச் சுற்றிலும் அக்கலவையை இறுக்கினார்; மேலே உமிச் சாக்கு. மின்சாரம் திரும்பும்வரை அது தாங்கியது. எல்லா நாளும் அல்ல. பனிக்கட்டி ஆலைக்கும் மின்சாரம் வேண்டுமல்லவா? சில நாட்கள் கடை வெறுமனே மூடிக் கிடந்தது. ஓகஸ்ட் மாதம் எரிபொருள் அட்டை வந்தபோது முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. மருமகன் வண்டியை நிறுத்திவிட்டு மாமனாரின் சைக்கிளை எடுத்தார், மணியையுந்தான்.

இத்தகைய சிறு தொழில்களை எளிதாக எண்ணிவிடலாகாது. ஆர். ஜி. சந்திரமோகன் 1970இல் சென்னை இராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலுடன் குச்சி ஐஸ் செய்து தள்ளுவண்டிகளில் விற்கத் தொடங்கினார். பெருநிறுவனங்கள் எட்டிப்பாராத சிற்றூர்களைத் தேடிச் சென்று வளர்ந்ததுவே அருண் ஐஸ்கிறீம். அக்கதையைப் பெரியவருக்குச் சொன்னோம். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அவருக்குக் கரண்ட் இருந்திரிக்கும்" என்றார்.

அந்தி சாயும் வேளையில் முச்சக்கரவண்டி திரும்பியது. மருமகன் இறங்குமுன்பே பெரியவர் சென்று பெட்டியைத் திறந்தார். உள்ளே நான்கு கிண்ணங்கள் மிச்சம். ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். மூன்று கடைப் பெட்டிக்குள் சென்றன. நான்காவது சற்று நெகிழ்ந்திருந்தது போலும். அதை எங்கள் முன் வைத்து, இரண்டு கரண்டிகள் கொண்டுவரச் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார். நாம் உண்டு முடிப்பதற்குள் மட்டக்களப்புப் பேருந்தின் விளக்கு மருதமுனைப் பக்கமிருந்து தெரிந்தது. உள்ளே மகள் உப்புநீர்ப் போத்தல்களை இரவுக்காக ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.